உழவன் மகனும் உடைவாளும்

1588-ஆம் ஆண்டின் கோடையில், ஜப்பானின் ஊர்களுக்கெல்லாம் மூன்று விதிகள் கொண்ட ஓர் ஆணை சென்றது. உழவர்கள் வாள், குறுவாள், வில், ஈட்டி, துப்பாக்கி என எந்தப் படைக்கலமும் வைத்திருக்கக் கூடாது. அவற்றையெல்லாம் திரட்டி ஒப்படைக்க வேண்டும் என்றது முதல் விதி. திரட்டப்படும் இரும்பு வீணாகாது, கியோட்டோவில் எழும்பிக்கொண்டிருந்த மாபெரும் புத்தர் சிலைக்கும் அதன் கோயிலுக்கும் ஆணியாகவும் பிணைப்பாகவும் பயன்படும், ஆகவே கொடுப்பவர்களுக்கு இம்மையில் மட்டுமன்றி மறுமையிலும் நன்மை உண்டு என்றது இரண்டாவது. உழவுக் கருவிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் கருத்தாயிருந்தால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக வாழ்வார்கள் என்றது மூன்றாவது.

வரலாற்றில் ‘வாள் வேட்டை’ என்று பெயர் பெற்ற அந்த ஆணையைப் பிறப்பித்தவர் டொயோடோமி ஹிதேயோஷி. அவர் பிறந்ததும் ஓர் உழவர் வீட்டில்தான். தம் ஊரின் ஏனைய பிள்ளைகளைப் போல மண்வெட்டியோடு நின்றிருந்தால், ஆணையிடும் இடத்துக்கு அவர் வந்திருக்கவே முடியாது. ஜப்பானிய வரலாற்றை நான் படித்த அளவில், இதைவிட என்னைச் சிந்திக்க வைத்த முரண் வேறில்லை. அந்த முரணின் வழியாகவே அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1537-ஆம் ஆண்டு, ஓவாரி நாட்டில், இன்று நாகோயா பெருநகரின் ஒரு பகுதியாகிவிட்ட நகமுரா என்னும் சிற்றூரில் ஹிதேயோஷி பிறந்தார். தந்தை யாயெமோன், அழைப்பு வந்தால் ஈட்டி ஏந்திப் போகும் எளிய காலாள். மற்ற நாளில் உழவர். சொல்லிக்கொள்ள ஒரு குடும்பப் பெயர்கூட அந்த வீட்டுக்கு இல்லை. தந்தை விரைவில் இறந்தார். தாய் நாகா மறுமணம் செய்துகொண்டார். சிறுவன் வீட்டை விட்டு வெளியேறினான். ஊசி விற்றுக்கொண்டே ஊர் ஊராக அலைந்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அவருடைய இளமையைப் பற்றிக் கதைகள் ஏராளம். ஆவணங்கள் மிகக் குறைவு. எளியவர்களின் இளமையை எவரும் எழுதி வைப்பதில்லை அல்லவா?

அவர் பிறந்த காலம் எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவருடைய ஏற்றம் புரியும். 1467-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் நாட்டையே துண்டு துண்டாக்கியிருந்தது. கியோட்டோவில் பேரரசர் இருந்தார். ஷோகன் எனப்படும் தலைமைப் படைத்தலைவரும் இருந்தார். இருவர் சொல்லும் நெடுந்தொலைவு செல்லவில்லை. டைம்யோக்கள் என்னும் நிலப்பிரபுக்கள் தத்தம் கோட்டைகளில் தனியரசு நடத்தினர். கீழிருப்பவன் மேலிருப்பவனை வீழ்த்துவதையே அந்தக் காலத்தின் அடையாளமாகச் சுட்டும் ஒரு சொற்றொடர் ஜப்பானிய மொழியில் உண்டு.

சாமுராய் என்னும் சொல்லுக்கு வேர்ப்பொருள் அருகிருந்து ஊழியம் செய்பவன் என்பதே. பின்னாளில் திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்துவிட்ட மிடுக்கான பிறவி வீரன் அப்போது முழுமையாக உருவாகியிருக்கவில்லை. ஊரிலேயே தங்கி, பாதி நாள் வயலையும் பாதி நாள் போரையும் பார்த்துக்கொண்ட பிறவிக்கலப்பான ஒரு கூட்டம் எங்கும் இருந்தது. அவர்களில் எவன் உழவன், எவன் வீரன் என்று பிரித்துச் சொல்வது கடினம். அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கிகுசியோ என்னும் பாத்திரம் மறந்திருக்காது. உழவர் குடியில் பிறந்தவன்; வேறு யாருடைய குலவரிசைச் சுருளையோ காட்டித் தன்னைச் சாமுராய் என்று சொல்லிக்கொள்வான். அந்தச் சுருளில் உள்ள ஆண்டைக் கொண்டு கணக்கிட்டால், கதை நிகழ்வது வாள் வேட்டைக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு. அந்த ஊர் மக்கள் வீழ்ந்த வீரர்களிடமிருந்து எடுத்த கவசங்களையும் ஆயுதங்களையும் வீட்டில் ஒளித்து வைத்திருப்பார்கள். ஹிதேயோஷி குறிவைத்தது அத்தகைய வீடுகளைத்தான். கிகுசியோவைப் போன்றவர்கள் நடமாட முடிந்த கடைசி ஆண்டுகள் அவை.

தொத்தோமி நாட்டில் மாட்சுஷிதா என்னும் சிறு தலைவரிடம் சில காலம் வேலை பார்த்த இளைஞர், பின்னர் ஓவாரிக்குத் திரும்பி ஓடா நொபுநாகாவிடம் சேர்ந்தார். மிதியடி சுமக்கும் வேலை. குளிர்காலத்தில் தலைவரின் மிதியடிகளைத் தம் மார்போடு அணைத்துச் சூடாக்கி வைத்தார் என்றொரு கதையை ஜப்பானியக் குழந்தைகள் இன்றும் கேட்டு வளர்கிறார்கள். பிற்காலத்தார் புனைந்ததாகவே இருக்கலாம். ஆனால் நொபுநாகாவின் இயல்புக்கு அது பொருந்துகிறது. குலம் பார்த்து ஆள் எடுப்பவர் அல்லர் அவர். வேலை முடிந்ததா என்று மட்டும் பார்ப்பவர். ஒல்லியான, அழகற்ற அந்த ஊழியரைக் குரங்கு என்று அழைத்ததாகச் சொல்வார்கள். வழுக்கை எலி என்று அவர் குறிப்பிட்டதற்கோ கடிதச் சான்றே இருக்கிறது. ஹிதேயோஷியின் மனைவி நெனேவுக்கு எழுதிய கடிதத்தில் நொபுநாகா அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

ஹிதேயோஷியின் ஏற்றத்தை அவர் சூடிய பெயர்களின் வரிசையிலேயே காணலாம். பெயரில்லாதவர் முதலில் கினோஷிதா ஆனார். 1573-இல் அசாய் குலம் அழிந்து, வடக்கு ஓமியில் மூன்று வட்டங்கள் அவருக்குக் கிடைத்த காலத்தில் ஹாஷிபா ஆனார். நொபுநாகாவின் மூத்த தளபதிகளான நிவா, ஷிபாதா ஆகிய இருவரின் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தை எடுத்துக் கோத்த பெயர் அது. மேலிருந்தவர்களின் மனம் கோணாமல் மேலே ஏற வேண்டிய ஒருவருடைய முன்னெச்சரிக்கை அந்தப் பெயரில் அப்படியே தெரிகிறது. பத்தாண்டு கழித்து அந்த ஷிபாதாவையே அவர் போரில் வீழ்த்தினார் என்பது வேறு செய்தி.

1582-ஆம் ஆண்டு ஜூனில் அவர் மேற்கே தகமாட்சு கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். ஆற்று நீரை அணை கட்டித் திருப்பி, கோட்டையை ஏரி நடுவே நிற்கும் தீவாக்கிவிட்டார். மண் சுமப்பதும் கரை கட்டுவதும் தெரிந்தவருடைய போர்முறை என்றே அதை நான் எண்ணுவதுண்டு. அப்போதுதான் கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் நொபுநாகா தம் தளபதி அகேச்சி மிட்சுஹிதேயின் துரோகத்தால் மாண்ட செய்தி வந்தது. ஹிதேயோஷி அதை எதிரியான மோரி குலத்தாரிடமிருந்து மறைத்து உடன்பாடு செய்தார். கோட்டைத் தலைவர் இரு படைகளும் பார்த்திருக்கப் படகில் வந்து வயிறு கிழித்து உயிர்விட்டார். உடனே படை திரும்பியது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்து, நொபுநாகா இறந்த பதினோராம் நாள் யமாசாகியில் மிட்சுஹிதே முறியடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஷிபாதா வீழ்ந்தார். ஒசாகாவில் பெருங்கோட்டை எழத் தொடங்கியது. 1584-இல் டோகுகாவா இயேயாசுவோடு மோதியதில் மட்டும் தெளிவான வெற்றி கிட்டவில்லை. இயேயாசுவைப் பணிய வைக்க ஹிதேயோஷி செய்தது என்ன தெரியுமா? தம் தங்கையைக் கணவரிடமிருந்து பிரித்து அவருக்கு மணமுடித்தார். அதுவும் போதாமல், பெற்ற தாயையே பிணைபோல இயேயாசுவின் ஒகசாகி கோட்டைக்கு அனுப்பினார். நகமுராவில் நாற்று நட்டிருந்த நாகா, எழுபது வயதை ஒட்டிய முதுமையில் மகனுடைய அரசியலுக்கு ஈடானார்.

வாளால் எதையும் பெற்றுவிட்டவருக்குப் பிறப்பை மட்டும் பெற முடியவில்லை. ஷோகன் பதவிக்கு மினமோட்டோ வழி வந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. ஹிதேயோஷி வேறு வழியில் சென்றார். பேரரசருக்கு அடுத்த நிலையிலுள்ள கன்பாகு பதவி புஜிவாரா குலத்தின் ஐந்து குடும்பங்களுக்கே உரியது. அவற்றுள் ஒன்றான கொனோயே குடும்பத்தில் ஐம்பது வயதை நெருங்கும்போது தம்மைத் தத்துப் பிள்ளையாக ஏற்கச் செய்து, 1585-இல் அப்பதவியைப் பெற்றார். மறு ஆண்டு அரசவை அவருக்கென்றே டொயோடோமி என்னும் புதிய குலப்பெயரை வழங்கியது. அவரே எழுதச் செய்த வரலாறு, அவருடைய தாய்வழிப் பாட்டனாரைக் கியோட்டோ பிரபு ஆக்கியது. கொரிய மன்னருக்குப் போன மடலோ, சூரியன் தன் வயிற்றில் புகுவதாகத் தாய் கனவு கண்ட பிறகு கருவில் உருவானவர் அவர் என்றது.

சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். போர்ச்சுக்கீசியப் பாதிரியார் லூயிஸ் புரோயிஸ் எழுதி வைத்திருக்கும் ஒரு செய்தி அப்படிக் கடக்க விடாது. ஹிதேயோஷியின் உடன்பிறந்தான் என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் அவைக்கு வந்தான். நாகா அவனைத் தம் மகன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவன் தலை வெட்டப்பட்டது. பிறகு ஓவாரியில் ஒரு சகோதரி இருப்பதாகத் தெரியவந்து, மரியாதை செய்வதாக வரவழைக்கப்பட்ட அந்த ஏழைப் பெண்ணும் கொல்லப்பட்டாள். பாதிரியாருக்கு ஹிதேயோஷி மீது கோபம் கொள்ளக் காரணங்கள் இருந்தன. 1587-இல் பாதிரிமாரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னவர் அவர். அதைக் கணக்கில் கொண்டாலும், தம் பிறப்பின் சுவடுகள் கண்ணில் படுவதை அவர் பொறுக்கவில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் நிறையவே உண்டு.

அதே 1587-இல் நிகழ்ந்த இன்னொன்று இதற்கு நேர்மாறானது. கியோட்டோவின் கிதானோ கோயில் வளாகத்தில் பெரும் தேநீர் விழா ஒன்றை அவர் நடத்தினார். நகரத்தாரும் உழவரும் யாராயினும் வரலாம். ஒரு கொதிகலமும் கிண்ணமும் பாயும் இருந்தால் போதும். தேயிலை வாங்க இயலாதவர் வறுத்த மாவைக் கரைத்துக் குடிக்கலாம் என்று அழைப்பு விடப்பட்டது. பைன் மரங்களுக்கிடையே நூற்றுக்கணக்கான குடில்கள் முளைத்தன. பொன் தகடு வேய்ந்த தம் தேநீர் அறையைக் கொண்டுவந்து வைத்து, வந்தவர்களுக்கு அவரே தேநீர் கலந்து கொடுத்தார். பத்து நாள் விழா என்று அறிவித்தது ஒரே நாளில் முடிந்துபோனது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கென்னவோ, உழவனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஆசையும், உழவனை அவனுடைய இடத்தில் நிறுத்தும் பிடிவாதமும் அந்த ஒரே மனத்தில் பொய்யின்றி இருந்தன என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு வந்தது வாள் வேட்டை. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட நில அளவையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழு அளவும் புலப்படும். ஹிதேயோஷியின் அதிகாரிகள் நாடு முழுவதும் ஒரே நீளமுள்ள கோலால் வயல்களை அளந்தனர். கியோட்டோவில் வழங்கிய ஒரே படியால் விளைச்சலை மதித்தனர். 360 சதுரக் கோல் கொண்ட தான் என்னும் நில அலகு 300 ஆகக் குறைக்கப்பட்டது. அலகு சுருங்கினால் அதே வயல் கணக்கில் கூடும், வரியும் கூடும். ஊரார் மரக்காலைப் பற்றி ஆண்டைகளிடம் முறையிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. எல்லா நிலமும் கொகு என்னும் நெல்லரிசி அளவால் மதிப்பிடப்பட்டது. ஒரு கொகு ஏறத்தாழ 180 லிட்டர். ஓர் ஆளின் ஓராண்டு உணவு என்று சொல்வார்கள். டைம்யோவின் தகுதி, அவர் அனுப்ப வேண்டிய படையின் அளவு, கடைநிலை வீரனின் ஊதியம் எல்லாமே கொகுவில் எழுதப்பட்டன.

ஒவ்வொரு வயலுக்கும் நேரே அதை உழுபவரின் பெயரே பதிவாயிற்று. இடைத்தரகர்களின் உரிமைகள் ஒழிந்தன. இது உழவர்களுக்குக் கிடைத்த பெரும் உறுதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏட்டில் ஏறிய பெயர் வயலை விட்டு நகர முடியாது. ஊரிலிருந்த பாதி வீரர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: வாளைக் கொடுத்துவிட்டு வயலில் தங்குவதா, வயலை விட்டுவிட்டுத் தலைவனின் கோட்டை நகரில் அரிசி ஊதியத்துக்குக் குடியேறுவதா?

1591-இல் மூன்று விதிகளோடு இன்னோர் ஆணை. படை ஊழியத்திலிருந்தவர்கள் நகரத்தாராகவோ உழவராகவோ மாறக் கூடாது. மாறியவரை ஊரார் வெளியேற்ற வேண்டும். உழவர் வயலைப் போட்டுவிட்டு வணிகத்துக்கோ கூலி வேலைக்கோ போகக் கூடாது. தலைவனின் ஒப்புதலின்றி விலகி வந்த ஊழியனை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மறு ஆண்டு கொரியா மீது படையெடுக்கத் திட்டமிட்டிருந்தவருக்கு ஆள்பலம் கலையாமல் இருக்க வேண்டும். வயலும் தரிசாகக் கூடாது. உடனடி நோக்கம் அதுவே என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வது சரியாகவே படுகிறது. என்றாலும் போர்க்கால ஏற்பாடு போரோடு முடியவில்லை.

இதை நன்றிகெட்ட செயல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நூறாண்டுக்கு மேலாக எரிந்த ஊர்களை அவர் பார்த்திருந்தார். ஆயுதம் ஏந்திய ஊர்கள் ஒன்றோடொன்று தண்ணீருக்கும் காட்டுக்கும் மோதிக்கொண்டதும் அவருக்குத் தெரியும். 1587-இல் ஹிகோ நாட்டில் நில அளவைக்கு எதிராக ஊர்த் தலைவர்கள் கிளர்ந்தெழுந்ததை அடக்கிய அனுபவமும் புதிதாயிருந்தது. அமைதி வேண்டுமென்றால் ஆயுதம் ஓரிடத்தில் சேர வேண்டும் என்ற கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு காலாளின் மகன் கையில் வாள் கிடைத்தால் அவன் எதுவரை போவான் என்பதை ஜப்பானில் அவரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. பிரபுவாகப் பிறந்த ஒருவருக்கு அந்த அச்சம் இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது என்பது என் துணிபு.

கடைசி ஆண்டுகள் படிக்கவே கசப்பானவை. 1591-இல் மூன்று வயதுகூட நிரம்பாத மகன் இறந்தான். அதே ஆண்டு, தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யுவுக்கு வயிறு கிழித்துச் சாகும்படி ஆணை போயிற்று. சகாய் நகர வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் ரிக்யு. அவருடைய தேநீர் அறைக்குள் நுழையும் வாயில், எவராயினும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து ஊர்ந்து செல்லும் அளவே உயரம் கொண்டது. தண்டனைக்கான காரணம் இன்றும் விவாதப் பொருள். 1592-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கொரியாவில் இறங்கினர். 1597-இல் மீண்டும் ஒரு படையெடுப்பு. வெட்டிய தலைகளுக்கு மாற்றாக உப்பிலிட்ட மூக்குகள் கணக்குக் காட்டக் கப்பலில் வந்தன. அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில், அந்தப் புத்தர் கோயிலுக்கு அருகிலேயே, இன்றும் இருக்கிறது. 1593-இல் ஹிதேயோரி என்னும் மகன் பிறக்க, முன்பு வாரிசாக்கிய மருமகன் ஹிதேட்சுகு 1595-இல் கொயா மலையில் சாக வைக்கப்பட்டார். அவருடைய மனைவியரும் பிள்ளைகளுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் கியோட்டோ ஆற்றங்கரையில் கொல்லப்பட்டனர். அந்தப் புத்தர்? 1596-இல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்தார்.

1598 செப்டம்பரில் புஷிமி கோட்டையில் ஹிதேயோஷி இறந்தார். ஐந்து பெருந்தலைவர்களிடம் ஐந்து வயது மகனுக்கு உறுதுணையாக இருக்கும்படி மீண்டும் மீண்டும் கெஞ்சி, எழுத்தில் சத்தியம் வாங்கியிருந்தார். தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்துவந்த பரம்பரை வீரர்கள் இயேயாசுவுக்கு இருந்தனர். தாமாக முளைத்த ஹிதேயோஷிக்கு அப்படி யார் இருக்க முடியும்? 1600-இல் செகிகஹாராவில் வென்ற இயேயாசு 1603-இல் ஷோகன் ஆனார்.

இயேயாசுவின் வழிவந்தோர் அந்தக் கோலையும் படியையும் கொகுக் கணக்கையும் தூக்கி எறியவில்லை. அவற்றின் மீதே 250 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர். சீன மரபிலிருந்து வந்த வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்னும் நால்வகை அடுக்கு அறிஞர்களின் ஏட்டு வரிசையாயிற்று. நடைமுறையில் வீரர், ஊரார், நகரத்தார் என்பதே பிரிவு. தோல், பிணம், தூய்மைப் பணி ஆகியவற்றோடு பிணைக்கப்பட்டு இவர்கள் அனைவருக்கும் கீழே தள்ளப்பட்டவர்களும் இருந்தனர். குடும்பத்தோடு சேர்த்து எண்ணினாலும் மக்களில் ஆறேழு விழுக்காட்டினரே சாமுராய்கள். இரண்டு வாள் தரிப்பதும் குடும்பப் பெயரை வெளிப்படையாக வழங்குவதும் அவர்களின் உரிமை. அவர்களுக்குள்ளும் மேல், கீழ் என்ற சுவர். நக்கட்சு நாட்டின் கீழ்நிலைச் சாமுராய் குடும்பத்திலிருந்து வந்த புகுசாவா யுகிச்சி, கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு உயர்ந்தவர்களை அந்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றும், இரு நிலையினரிடையே மண உறவே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். மிதியடி சுமந்தவர் கன்பாகு ஆவது கதைப் புத்தகங்களில் மட்டும் நிகழ்ந்தது. அந்தக் கதைகளை மக்கள் ஆர்வத்தோடு வாங்கிப் படித்தார்கள். சாமுராய்கள் வாள் தரிக்கும் உரிமை 1876-இல் புதிய அரசின் ஆணையால் பறிக்கப்பட்டது.

ஹிதேயோஷியின் குடும்பமோ அந்த அமைப்பின் தொடக்கத்திலேயே மறைந்தது. 1615-இல் இயேயாசு ஒசாகா கோட்டையைத் தகர்த்தார். தீப்பற்றிய கோட்டைக்குள் ஹிதேயோரியும் அவருடைய தாயும் உயிர்விட்டனர். எட்டு வயதுப் பேரன் கியோட்டோவில் தலை வெட்டப்பட்டான். சிறுமியாக இருந்த பேத்தி மட்டும், துறவு பூண வேண்டும் என்ற நிபந்தனையோடு காமகுராவின் தொகேஜி மடத்துக்கு அனுப்பப்பட்டாள். கொடிய கணவனிடமிருந்து தப்பி ஓடிவரும் பெண்கள் அந்த வாயிலுக்குள் நுழைந்துவிட்டால், சில ஆண்டுகள் தங்கி மணவிலக்குப் பெறலாம் என்பது அம்மடத்தின் வழக்கம். தென்ஷு என்னும் துறவிப் பெயரோடு அவர் அதன் தலைவியானார். எந்தக் குடியில் பிறந்தவர்களானாலும் ஓடிவந்த பெண்களுக்கு அங்கே இடமிருந்தது. 1645-இல் அவர் இறந்தபோது ஹிதேயோஷியின் நேர்வழி முடிவுற்றது.